மணல் பானைக்குள் ஒரு கோடை

மல்லிகைக்குப் பேர்பெற்ற மதுரையில், திருநகர் வீட்டு மொட்டை மாடியில், 22 ஆண்டுகளாக நான் டேலியா வளர்த்து வருகிறேன். "மணமில்லாத பூவுக்கு ஏம்மா இத்தனை பாடு?" என்று பக்கத்து வீட்டுப் பாட்டி ஒவ்வொரு தை மாதமும் கேட்பார். நான் தொட்டியையே இறக்கிக் கொண்டுபோய் அவர் வீட்டுத் திண்ணையில் வைத்துவிடுவேன். சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்த இச்செடியில் நாம் இதழ் என்று சொல்வது ஒவ்வொன்றும் ஒரு தனிச் சிறுபூ. அவை வெளிவிளிம்பிலிருந்து உள்நோக்கி வரிசை வரிசையாக அவிழ்வதைப் பார்த்தபின் பாட்டி மேற்கொண்டு எதுவும் கேட்பதில்லை.

டேலியா மெக்சிகோவின் மலைநாட்டுச் செடி. 1963இல் அந்நாடு இதைத் தேசிய மலராக அறிவித்தது. கொடைக்கானல் சென்றிருந்த ஒரு மே மாதத்தில் இதன்மேல் ஆசைப்பட்டு, கருஞ்சிவப்புச் செடியொன்றை வாங்கி மதுரைக்குக் கொண்டுவந்தேன். கத்திரி வெயிலில் பத்தே நாளில் இலைகள் கருகின. தாகத்தால் வாடுகிறது என்றெண்ணி நான் விடாமல் நீர் ஊற்றியதில், அடியிலிருந்த மூன்று கிழங்குகளில் இரண்டு அழுகிவிட்டன. எஞ்சிய ஒன்றின் வழிவந்தவையே இன்று என் மாடியில் உள்ளன.

சமவெளியில் இதற்கு ஏற்ற பருவம் குளிர்காலம்தான். செம்மண், மணல், மக்கிய சாணம், சிறிது வேப்பம்பிண்ணாக்கு ஆகியவற்றைக் கலந்து செப்டம்பர் இறுதியில் நட்டு, ஐப்பசி மழையில் நீர் தேங்காதபடி தொட்டிகளைச் செங்கல்மேல் ஏற்றி வைத்தால், மார்கழி பாதியில் மொட்டு வைக்கும். நுனியில் சேர்ந்து வரும் மொட்டுகளில் நடுமொட்டை மட்டும் விட்டு மற்றவற்றைக் கிள்ளிவிட வேண்டும். அப்போதுதான் பூ பெரிதாகும்.

ஆனால் டேலியா வளர்ப்பது என்பது உண்மையில் கிழங்கைக் காப்பதுதான் என்பது என் உறுதியான எண்ணம். தோட்ட டேலியாவில், மரபுப் பண்புகளைத் தாங்கும் குரோமோசோம் தொகுதிகள் எட்டு இருப்பதால், விதையில் அப்பண்புகள் பலவாறு கலந்துவிடும்; எனவே விதையிலிருந்து முளைப்பது தாய்ச்செடியின் நிறத்தில் பூப்பது அரிது. அதே கருஞ்சிவப்பு மீண்டும் வேண்டுமென்றால் கிழங்கோ அச்செடியிலிருந்து எடுத்த தண்டோதான் வழி. எனவே மாசி கடந்து இலை மஞ்சளானதும் நீரை நிறுத்தி, தண்டை நான்கு விரல் உயரம் விட்டு அறுத்து, ஒரு வாரம் கழித்துக் கிழங்குகளை அகழ்ந்தெடுப்பேன். நிழலில் உலர்த்தியபின் மண்பானையில் மணலிட்டுப் புதைத்து, மாடிப்படியின் அடியில் வைப்பேன். ஈரம் மிகுந்தால் அழுகும். முற்றிலும் காய்ந்தால் சுருங்கிவிடும். ஆதலால் மாதம் ஒருமுறை கையால் மணலைத் தொட்டுப் பார்த்துச் சிறிதளவே நீர் தெளிப்பேன். பிரிக்கும்போது ஒவ்வொரு துண்டிலும் தண்டோடு ஒட்டிய கழுத்துப் பகுதி இருக்க வேண்டும், ஏனெனில் முளைக்கும் கண் அங்கேதான் உண்டு. கண்ணில்லாத கிழங்கு எவ்வளவு பருத்திருந்தாலும் முளைக்காது.

சென்ற ஞாயிற்றுக்கிழமை பானையைத் திறந்தேன். பதினொரு கிழங்குகளில் ஒன்பதின் கழுத்தில் இளஞ்சிவப்பாகக் கண் புடைத்திருந்தது. பாட்டிக்கென்று ஒரு தொட்டியைத் தனியே நட்டு வைத்திருக்கிறேன்.