படம் பார்த்த பிள்ளை கதை சொல்லும்போது

ஆச்சி வடை சுட்ட கதையைக் காணொளியில் மட்டும் பார்த்த 4 வயதுப் பிள்ளையிடம் அதைச் சொல்லக் கேட்டால், "காகம் இருந்தது. நரி வந்தது. பிறகு விழுந்திட்டுது" என்று முடித்துவிடும். எது விழுந்தது, ஏன் விழுந்தது என்பது வராது. யாழ்ப்பாணத்து முன்பள்ளிகளில் இப்படியான கதைகளை அடிக்கடி கேட்கிறோம். பிள்ளைக்குக் கதை விளங்காமல் இல்லை. கொப்பில் இருந்து நரியின் வாய்க்குக் கமராவே தாவிவிடுகிறது. காகம் பாட வாய் திறந்தபடியால்தான் வடை விழுந்தது என்று சொல்லி இணைக்கும் வேலை பிள்ளைக்கு மிஞ்சுவதில்லை.

அந்த வேலையைத் திருப்பிக் கொடுக்க அதே போன் போதும். 3 நிமிடக் கதையொன்றை ஒலியில்லாமல் போட்டு, சிக்கல் முற்றும் இடத்தில் நிறுத்தி, "இனி என்ன நடக்கும்?" என்று கேட்டுவிட்டு, மனதுக்குள் 10 வரை எண்ண வேண்டும். ஆசிரியர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். மௌனம் பொறுக்காமல் "நரி ஏமாத்தப் போகுதுதானே?" என்று எடுத்துக் கொடுத்தால், பிள்ளை "ஓம்" என்பதோடு சரி.

கேட்பவர் அந்தப் படத்தைப் பார்க்காதவராக இருப்பது எல்லாவற்றிலும் முக்கியம். பார்த்தவரிடம் "அவர் அங்க போனார்" என்றாலே போதுமே! அதனால் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் பார்க்க, மீதிப்பேர் வெளியே விளையாடட்டும். பிறகு சோடி சேர்த்துவிடலாம். வீட்டில் என்றால் கனடாவில் இருக்கும் அம்மம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் குரல் அழைப்பு எடுங்கள். வீடியோ அழைப்பு வேண்டாம், பிள்ளை கையால் காட்டிவிட்டுப் போய்விடும். "ஆர்? எங்க? ஏன்?" என்று மட்டும் கேட்கும்படியும், கதையைத் தான் முடித்துவைக்க வேண்டாம் என்றும் அம்மம்மாவிடம் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். பாவம், அவவுக்கு அதுதான் கஷ்டம்.

சொன்னதைப் பதிவுசெய்து சில நாள் கழித்துப் போட்டுக் காட்டினால், விடுபட்டதைப் பிள்ளையே பிடித்துவிடுவதுண்டு. நடுவில் சொற்பிழை திருத்துவதும், முடிந்தவுடன் நீதி கேட்பதும் அடுத்த கதையை வரவிடாமல் செய்துவிடும்.

3, 4 வயதினருக்குத் திரைநேரம் நாளுக்கு 1 மணித்தியாலத்துக்கு மேற்படக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் அறிவுறுத்தியது. பிள்ளை உட்கார்ந்திருக்கும் நேரத்தில் கதை வாசிப்பதையும் சொல்வதையும் ஊக்குவிக்கும்படி அதே வழிகாட்டல் சொல்வதைப் பெற்றோர் பலர் கவனிப்பதில்லை.

காணொளியைத் தெரிவுசெய்யும்போது ஒரு பாத்திரம், அதற்கொரு ஆசை, ஒரு தடை, அதைத் தாண்ட ஒரு முயற்சியாவது உண்டா என்று முதலில் நீங்கள் பார்த்துவிடுங்கள். அரை நிமிடத் துண்டுகள் பலவற்றில் இவை இருப்பதில்லை. அதைப் பார்த்த பிள்ளையிடம் கதை கேட்டுப் பயனில்லை.