குலத்தைத் திருத்தித் தறவும்

கிளிநொச்சியில ஒரு உள்ளூர்ப் பேப்பர்ல கொஞ்சக்காலம் வேலை செய்தனான். வாசகர் கடிதப் பக்கத்துக்கு அங்க பெரிய மதிப்பில்லை, புதுசா வாற ஆளின்ர தலையில கட்டுற வேலை, விளம்பரம் குறைஞ்ச கிழமையிலதான் அதைத் தேடுவினம். ஆனா பின்னேரத் தேத்தண்ணிக்குக் கடிதக் கட்டு வந்தா எல்லாரும் கதிரையை இழுத்துக்கொண்டு வந்திடுவினம், சிரிக்கத்தான்.

சிரிப்பு வாற மாதிரித்தான் சிலது இருந்தது, இல்லையெண்டு சொல்லமாட்டன். "எங்கள் குலத்தை உடனடியாகத் திருத்தித் தறவும்" எண்டு ஒரு கமக்காரர் எழுதியிருந்தார், குளத்தைத்தான் சொல்லுறார். கொப்பித்தாளின்ர ரெண்டு பக்கமும் ஒரே வசனம், முற்றுப்புள்ளியைக் கொண்டுபோய்க் கையெழுத்துக்குப் பக்கத்தில வச்சிருக்கிறார். ஒரு பெடியன் அதை மேடைப்பேச்சு மாதிரி வாசிக்க ஒபிசே விழுந்து சிரிச்சுது, நானும்தான்.

பிறகு அதை டைப் அடிக்க இருந்தால், எந்தத் துருசு (குளத்துத் தண்ணியைத் திறந்துவிடுற மதகு) உடைஞ்சது, எந்தப் பக்கத்து அணைக்கட்டு கரைஞ்சது, காலபோகத்துக்கு, அதாவது மாரிப் போகத்துக்கு, வாய்க்காலின்ர கடைசி வயலுகள் ஆரின்ர எண்டு எல்லாம் கிடக்குது. 200 ஏக்கருக்குக் குறையப் பாயிற சின்னக் குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்துக்கு, பெரிசுகள் நீர்ப்பாசனத்துக்கு எண்டது எங்கட நிருபர்மார் சிலருக்கே தெரியாது, அந்த மனுசனுக்கு வடிவாத் தெரிஞ்சிருந்தது. அதேநேரம் ஓய்வுபெற்ற பெரியவை அனுப்பிற கடிதத்தில ஒரு எழுத்துப்பிழை இருக்காது, மூண்டு பந்தி வாசிச்சாலும் எந்த ஊர்ப் பிரச்சினை எண்டும் இருக்காது, கடைசியில "சம்பந்தப்பட்டோர் ஆவன செய்வார்களா?" அவ்வளவுதான். அதுகளைக் கைவைக்காமல் அப்பிடியே போடுவம். என்னைக் கேட்டா ளகரத்தைத் திருத்தத்தானே எங்களுக்குச் சம்பளம், துருசு எங்க உடைஞ்சதெண்டு ஒபிசில இருந்துகொண்டு நாங்கள் எழுதேலாதே.

கமக்காரரின்ர கடிதத்தைத் திருத்திற விதமும் ஒரு கூத்து. "அளந்துகொண்டு போன ஐயா போன மாரிக்குப் பிறகு இந்தப் பக்கம் தலைகாட்டேல்லை" எண்டு அவர் எழுத, அது "அதிகாரிகளின் அசமந்தப்போக்கு" எண்டு அச்சில வரும். செத்த வசனம்.

இப்பிடிப் பிழையோட எழுதினவை கூடுதலா முப்பது, நாப்பது வயசுக்காரர். சண்டையால 1995 யாழ்ப்பாண இடப்பெயர்வு, 96இல கிளிநொச்சியை விட்டு ஓடினது, பிறகு 2008இல திரும்பவும் மூட்டை கட்டி 2009இல மெனிக்பாம் முகாம் வரைக்கும் போனது, இதுக்குள்ள மரத்துக்குக் கீழ பள்ளிக்கூடம், பொருளாதாரத் தடையால மண்ணெண்ணெயும் இல்லை, ல ள ழ படிக்க எங்க நேரம். (எல்லாரையும் அப்பிடிச் சொல்லேலாது, ஒரு வாத்தியாரின்ர கடிதமும் இதே கோலத்தில வந்தது.)

எனக்குப் பிடிக்காமல் போனது ஒண்டுதான். கடிதத்தைப் பேரோட, ஊரோட போட்டோ எடுத்துப் பேஸ்புக்கில போடுறது. சின்ன ஊர், இரவுக்குள்ள எல்லாற்ற போனிலையும் வந்திடும், பிறகு அந்தாள் ஏன் எழுதப்போகுது? அப்பிடிப் போட்ட பெடியனைக் கேட்டதுக்கு "சும்மா பகிடிக்குத்தானே அண்ணை" எண்டான். 2018 டிசம்பரில இரணைமடுக் குளத்தின்ர வான்கதவு திறந்து வெள்ளம் வந்த நேரம், தண்ணி எத்தினை மணிக்கு வீட்டுக்குள்ள வந்தது, சுவரில எவ்வளவு உயரம் எண்டு சொன்னது இப்பிடியான ஆக்கள்தான்.

இப்ப கடிதம் குறைவு, வட்ஸ்அப்பில வொய்ஸ் அனுப்பினம். எழுத்துப்பிழைக்கு வழியில்லை. அதால பெடியள் இப்ப அவை கதைக்கிற மாதிரிக் கதைச்சுக் காட்டிச் சிரிக்கினமாம்.