அக்கரைக்கு 2 நிமிடம்

நமக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுத்த சார் தவறிவிட்டார் என்ற செய்தி வாட்ஸ்அப் குழுவில் வந்த இரவு, லண்டனிலிருந்தும் பெர்த்திலிருந்தும் நம்மவர்கள் போட்ட பதில் ஒன்றுதான்: ‘4, 3, 2’. இந்தப் பள்ளி மலரைப் புரட்டும் பிள்ளைகளுக்காக அதை இங்கே எழுதி வைக்கிறேன்.

புகுமுக வகுப்பு, அதாவது தமிழ்ப் பள்ளி முடித்து இடைநிலைப் பள்ளிக்கு வந்தவர்களுக்கான ஓராண்டு வகுப்பு. தலைப்பு எப்போதும் ஒன்றே: பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுனிலிருந்து அக்கரையில் இருக்கும் பட்டர்வொர்த்துக்குப் பெர்ரியில் போவது. பக்கத்தில் இருப்பவனிடம் 4 நிமிடம் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். ஆளை மாற்றி அதையே 3 நிமிடத்தில். மூன்றாமவனிடம் 2. விஷயம் மாறாததால் மனம் சொல் தேடி அலையாது, வாய்க்கு வேகம் பிடிக்கும். ஆளை மாற்றாவிட்டால், கேட்பவனுக்குத்தான் தெரியுமே என்று பாதியை முழுங்கிவிடுவோம். எழுதி மனப்பாடம் செய்தவன் கதை இன்னும் மோசம். ஒரு சொல் மறந்தால் பெர்ரி நடுக்கடலில் நின்றுவிடும். பேசும்போது சார் திருத்தவே மாட்டார். திருத்தமெல்லாம் பிறகு, நாம் பேசியதைப் பதிந்த கேசட்டைப் போட்டு, வகுப்பே கேட்க. இன்றைக்கென்றால் பெற்றோர் புகாரோடு வந்திருப்பார்கள்.

அந்தக் கேசட்டில்தான் நம்மில் ஒருவன் பெர்ரியில் ‘பென்’னை, அதாவது பேனாவை, தொலைத்தான். “யாரப்பா அந்தப் பென்? வெள்ளைக்காரப் பையனா? நீந்தத் தெரியுமா?” என்றார் சார். வருடம் முழுக்க அவனுக்குப் பெயரே பென். காரணம் எளிது. ஆங்கிலத்தில் சொல் முதலில் வரும் ப, ட, க ஒலிகளோடு ஒரு மூச்சு வெளியேற வேண்டும். நம் பகரத்தில் அது கிடையாது. மூச்சில்லாத ‘pen’ ஆங்கிலேயர் காதில் ‘Ben’ ஆக, அதாவது பெஞ்சமினின் செல்லப்பெயராக விழும். உதட்டுக்கு முன்னால் இரண்டு விரல் தள்ளி மெல்லிய காகிதத் துண்டைப் பிடித்துச் சொன்னோம். காகிதம் ஆடினால் பேனா.

‘புக்கு’, ‘பஸ்ஸு’ என்று நாம் ஒட்டும் உகரத்துக்குச் சார் வைத்த மருந்து தமிழிலேயே இருந்தது. பால், ஆடை பாலாடை ஆவதுபோல ‘லுக் அட் இட்’டை ‘லுக்கட்டிட்’ என்று ஒரே மூச்சில் சேர்த்தால் உகரத்துக்கு இடமே இல்லை.

அழுத்தத்துக்கு மேசையில் தட்டு: ‘போட்டோகிராஃப்’ முதல் அசையில், ‘போட்டோகிராஃபர்’ இரண்டாவதில், ‘போட்டோகிராஃபிக்’ மூன்றாவதில். எல்லா அசைக்கும் ஒரே கனம் கொடுப்பது நம் பழக்கம். வெளிநாட்டில் “என்ன சொன்னீர்கள்?” என்று அவர்கள் திரும்பக் கேட்பது பெரும்பாலும் இதனால்தான். ‘ஹோட்டல்’ என்று முன்னால் அழுத்திவிட்டு உச்சரிப்பை நொந்துகொள்வோம். அழுத்தம் பின்னால் விழ வேண்டிய சொல் அது.

அந்தப் பழைய பெர்ரிகளில் பயணிகள் போவது 2020 கடைசியோடு நின்றது. இன்றும் நடு ராத்திரியில் எழுப்பிக் கேட்டாலும் நாம் 2 நிமிடத்தில் அக்கரை போய்விடுவோம். திரும்பி வருவதைச் சார் ஒருநாளும் தலைப்பாகக் கொடுத்ததில்லை. நமக்கும் கேட்கத் தோன்றவில்லை. அந்தப் பழைய பெர்ரியிலும் அப்படித்தானே இருந்தது: தீவை விட்டுப் போகக் காசு கிடையாது, வருவதற்குத்தான் டிக்கெட்.