15 புளியங்கொட்டையும் ஒரு வைவாவும்

எட்டு வருஷம் பகுதி நேரமாக இழுத்து, ஒருவழியாகப் போன ஆவணியில் என் கணித பிஎச்.டி. வைவா, அதாவது வாய்மொழித் தேர்வு, முடிந்தது. கச்சிதமான அபீலியன் குலங்கள் மீதான செயல்பாடுகளின் என்ட்ரோபி, இதுதான் தலைப்பு. குலம் என்றால் இங்கே சாதியில்லை, கூட்டல் மாதிரி ஒரு செயல் உள்ள கணம் (group). என்ட்ரோபி என்பது, நகர்த்த நகர்த்த எவ்வளவு புதுச் செய்தி வருகிறது என்பதன் அளவு. பகலில் பாளையங்கோட்டையில் வகுப்பு, சாயங்காலம் அம்பாசமுத்திரம் பஸ். தீசிஸில் பாதி அந்தப் பஸ்ஸில் உட்கார்ந்து எழுதியது.

சினாப்சிஸ், அதாவது ஆய்வுச் சுருக்கம், சிக்கலில்லாமல் போனது. நகல் சோதனையில்தான் மாட்டினேன். வரையறைகளை எல்லாம் மென்பொருள் சிவப்பில் காட்டியது. குலத்தின் வரையறையை நான் எப்படிச் சொந்த நடையில் எழுத? கைடு கடிதம் கொடுத்த பிறகு விட்டார்கள்.

அப்புறம் தேர்வாளர் அறிக்கை வந்தது. கணிதவியலாளர் லெட்ராப்பியர் 1978-இல் கொடுத்த எடுத்துக்காட்டைப் பற்றி 'இதன் என்ட்ரோபி சுழி என்பது தெளிவு' என்று ஒரு வரியில் கடந்திருந்தேன். அந்த வரிக்குக் கீழே கோடு போட்டு, "வைவாவில் விளக்கவும்" என்று எழுதியிருந்தார். உண்மையைச் சொன்னால் எனக்கே அது தெளிவில்லை. தேற்றத்தில் போட்டால் சுழி வரும், அவ்வளவுதான் தெரியும்.

வைவாவுக்கு முந்தின ராத்திரி ஆச்சி வீட்டுத் தார்சாவில் உட்கார்ந்தேன். தாயம் ஆட அவள் வைத்திருந்த புளியங்கொட்டை எட்டுதான் இருந்தது. இன்னும் ஏழு கொட்டையை வாசல் கல்லில் ஒருபக்கம் வெள்ளை தெரியத் தேய்த்தேன். பதினைந்தையும் உருட்டி, கறுப்பு, வெள்ளை விழுந்தபடியே ஒரே வரிசையாக வைத்தேன். விதி இது: பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டும் ஒரே நிறமென்றால், இடப்பக்கத்துக் கொட்டைக்கு மேலே கறுப்பு, வேறு வேறென்றால் வெள்ளை. மேல் வரிசைகளைச் சாக்பீஸால் போட்டுக்கொண்டே போனேன். இந்த விதிக்குக் கட்டுப்பட்டு முழுத் தளத்தையும் நிரப்பும் வழிகள் எல்லாம் சேர்ந்ததுதான் லெட்ராப்பியரின் குலம். தளத்தைப் பக்கவாட்டிலும் மேல்கீழாகவும் நகர்த்துவதுதான் செயல்பாடு.

"ஏல, நாளைக்குப் பரீட்சைன்ன, இங்க உக்காந்து தாயம் வெளயாடுத?" என்றாள் ஆச்சி.

எட்டு வரிசை ஆனதும் நிமிர்ந்து பார்த்தேன். இடப்பக்கத்தில் எட்டுக்கு எட்டாக 64 கட்டம். அத்தனையையும் தீர்மானித்தது அடியில் இருக்கும் 15 கொட்டை. நூற்றுக்கு நூறு என்றால் 10,000 கட்டத்துக்கு 199 கொட்டை போதும். சதுரம் பெருகப் பெருக, ஒரு கட்டத்துக்கு இவ்வளவு புதுச் செய்தி என்று பங்கு போட்டால் ஒன்றும் மிஞ்சாது. அதுதான் சுழி! இவ்வளவு நாள் இதைப் பார்க்காமல் எப்படி இருந்தேனோ.

மறுநாள் கரும்பலகையில் அதையே போட்டேன். தேர்வாளர் விடவில்லை. "சரி, பக்கவாட்டில் மட்டும் நகர்த்தினால்?" நல்ல கேள்வி. உயரத்தை எட்டிலேயே நிறுத்தி அகலத்தை மட்டும் நீட்டினால், ஒவ்வொரு புதுப் பத்திக்கும் ஒரு புதுக் கொட்டை வேண்டும். கொட்டைக்கு இரண்டு நிறம், ஆகவே லாக் 2. தனித்தனியாக நகர்த்தினால் லாக் 2, இரண்டு திசையும் சேர்ந்தால் சுழி. சொல்லி முடித்தபோது எனக்கே சிரிப்பு வந்தது.

கடைசியாக, கறுப்பு வெள்ளைக்குப் பதில் வட்டத்தின் புள்ளிகளை வைத்து, மூன்றும் கூடினால் சுழி என்ற அதே விதியைப் போட்டால் என்ன ஆகும் என்றார். (கறுப்பை 0, வெள்ளையை 1 என்று வைத்து, கூட்டி இரண்டால் வகுத்த மீதியைப் பார்த்தால், கொட்டை விதியும் இதேதான்.) அது பாடம் பண்ணியது. லிண்ட், ஷ்மிட், வார்ட் மூவரின் 1990 தேற்றப்படி, இந்த விதிக்குரிய 1+x+y என்ற பல்லுறுப்புக் கோவையின் மாலர் அளவைக்கு (x, y இரண்டும் அலகு வட்டத்தில் சுற்றும்போது கோவையின் அளவுக்கு வரும் பெருக்கல் சராசரி) லாக் எடுக்க வேண்டும். ஸ்மித் 1981-இல் கண்ட மதிப்பு, சுமார் 0.323. சுழி இல்லை.

டீயும் முறுக்கும் வந்தன. முடிவை அறிவித்துவிட்டு, ஒரே ஒரு திருத்தம் என்றார்கள்: 'தெளிவு' என்ற சொல்லை எடுத்துவிட்டு அந்தப் படத்தைப் போட வேண்டும். அந்த ஒரு சொல்லுக்காக மறுபடியும் ஐந்து பிரதி பைண்டிங்.