ஈரத்துணி

2025 செப்டம்பர் 3
அம்மாவுக்குக் காய்ச்சல் இறங்கவில்லை. ஆட்காட்டி விரல் நகத்தடியில் சீழ். துணி சுற்றித்தான் கடலடிப் பாறையில் மரிக்கொழுந்துப் பாசி பிடுங்குகிறாள், பாறைக்கு அதெல்லாம் தெரியுமா? "பத்தாந்தேதி போராட்டத்துல நானும் நிக்கிறேன்" என்கிறாள்.

ராமநாதபுரத்தில் ஹைட்ரோகார்பன் தேட ஓ.என்.ஜி.சி.க்குக் கொடுத்த அந்த இருபது கிணற்றுக்கான அனுமதியைத் திரும்பப் பெறச் சொல்லிவிட்டதாக அமைச்சர் அறிவித்து இன்றோடு பத்து நாள். ரத்து காகிதத்தைக் கண்ணால் பார்த்தவர் இங்கே யாருமில்லை.

செப்டம்பர் 5
கூட்டம். 2012-ல் கூடங்குளம் அணு உலையை எதிர்த்து இடிந்தகரைக்காரர்கள் நின்ற மாதிரி கடலுக்குள் நிற்பது. இடுப்பளவா, கழுத்தளவா? ஒரு மணி நேரம் இதே பேச்சு. இடுப்பளவு என்றால் சேலை ஒட்டும், பையன்கள் போனைத் தூக்குவான்கள். கழுத்தளவு என்றால் தலை மட்டும்தான் தெரியும். பேசியதெல்லாம் ஆம்பளைகள். சித்தி எழுந்தாள். "முப்பது வருசமா தீவோரம் முங்குறோம். அப்ப எங்க உடுப்பப் பத்தி எவனாச்சும் கேட்டீங்களாடா?"
தேதி தள்ளிப்போனது.

செப்டம்பர் 6
அப்பா சட்டை மூன்று. முங்கப் போகையில் அம்மா சேலைக்கு மேல் போடுவது. துவைத்துப் போட்டேன்.

செப்டம்பர் 8
தூக்கமில்லை. நைஜீரியாவில், 2002 ஜூலையில், எஸ்க்ராவோஸ் எண்ணெய் முனையத்துக்குள் நூற்றுக்கணக்கான பெண்கள் புகுந்து பத்து நாள் போல உட்கார்ந்துவிட்டார்கள். பிள்ளைகளுக்கு வேலை கொடு, ஊருக்குக் கரண்டு, தண்ணீர் கொடு. விரட்டினால் துணியை அவிழ்ப்போம். அங்கே தாய் வயதுக்காரி அப்படி நின்றால் பார்த்தவனுக்குத்தான் சாபம். இங்கே ஈரச் சேலைக்கே மானம் நமக்குப் போகிறது. ராமேஸ்வரம் அக்னி தீர்த்தத்தில் மட்டும் போகாது போல; அமாவாசைக்கு ஊரே நனைந்த சேலையோடு நடக்கும், ஒரு பயல் வாய் திறக்கமாட்டான்.

அம்மாவிடம் சொன்னேன்.
"கம்பெனிக்காரன் பயந்தானா?"
"பேச்சுக்கு இறங்கி வந்தான்."
விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நம்மூர்ல வீடியோ எடுப்பான்டி."

செப்டம்பர் 9
1986-ல் மன்னார் வளைகுடாவின் 21 தீவையும் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். அங்கே பாசி பிடுங்கினால் நாங்கள் திருடிகள். கிணறு தோண்ட வருகிறவனுக்கு மட்டும் காகிதம்.

செப்டம்பர் 14
நகத்தை எடுத்துவிட்டார்கள். மூன்று வாரம் உப்புத்தண்ணீர் படவே கூடாதாம். வருகிற வழியெல்லாம் அவள் பேசவில்லை.

செப்டம்பர் 17
காற்று.

செப்டம்பர் 20
நாளை மாளய அமாவாசை. மறுநாள் நிற்கிறோம், இடுப்பளவுதான். பால் பாக்கெட் கவரை விரலில் மாட்டி, ரப்பர் பேண்டு போட்டு, வாளித் தண்ணீரில் முக்கிப் பார்த்தாள். ஒழுகியது. "கையத் தூக்கிக்கிட்டு நின்டுக்கிர்றேன்."
எனக்கும் ஒரு சட்டை எடுத்து வைத்திருக்கிறாள். இரண்டாவது பொத்தான் இல்லை. ஊக்கு தேட வேண்டும்