உக்காந்த எடத்துலயே அயனிங்: எல் ஷேப் டேபிள், இதுவரைக்கும்

பிரின்சஸ் கட் பிளவுஸ் (முன்பக்கம் வளைவு ஜாயிண்ட்டா வர்றது) ஒண்ணு, மெஷின்ல உக்காந்ததுல இருந்து ஹூக் வைக்கிற வரைக்கும் அயன் பாக்ஸ தேடி ஒருக்காகூட பெட்ரூமுக்கு நடக்காம முடிச்சாச்சுங்க. ஒவ்வொரு ஜாயிண்ட்டும் தச்ச கையோட திரும்பி அயன் போட்டு, திரும்பவும் மெஷின் பக்கம் வந்து அடுத்தது. முன்பக்க வளைவுல ஒரு சுருக்கம் கெடையாது. அத ஹேங்கர்ல மாட்டி ஹால்லயே தொங்க விட்டுருக்கேன், வர்றவங்க போறவங்க பாக்கணும்ல.

தைக்கிறவங்களுக்கு தெரியும், தையல் சுத்தமா வர்றதுல பாதி அயன் பாக்ஸ்தான். ஆனா அயன் பண்ற எடம் அடுத்த ரூம்ல இருந்தா என்ன ஆகும், "அப்புறம் மொத்தமா பண்ணிக்கலாம்"னு நகத்தால கீறி விட்டுட்டு மேல தச்சுட்டே போயிருவோம். சோல்டர் ஜாயிண்ட் மடங்கிக்கிட்டு இருக்கும், அது மேலயே கழுத்துப் பட்டி ஏறும், கடைசில எவ்ளோ அழுத்துனாலும் அந்த மேடு போகாது. டெய்லர் கடைல பாருங்க, மெஷினுக்கு பக்கத்துலயே ஒரு பலக, அது மேல மடிச்ச கம்பளி, கைக்கு எட்ற தூரத்துல பாக்ஸ். வீட்ல மட்டும் என்னமோ அது வேற வேல இது வேற வேலன்னு பிரிச்சு வச்சிருக்கோம்.

என்கிட்ட இருக்கறது அத்தையோட பழைய உஷா கால் மெஷின். மோட்டார் போட்டுக்கலாம்னு எல்லாரும் சொல்றாங்க, எனக்கு மிதிச்சாத்தான் வளைவுல கண்ட்ரோல் இருக்கு. டேபிள் 30 இன்ச் உயரம். சக்கரம் வலது பக்கம் இருக்கறதால துணி பூரா இடது பக்கந்தான் விழும், அதனால அயன் பலகையும் இடது பக்கம், மெஷினுக்கு குறுக்கால எல் ஷேப்ல. 19 எம்எம் பிளைவுட், 4 அடிக்கு 2 அடி. சாதா கமர்ஷியல் பிளை வேண்டாம்னு பிடிவாதமா ஐஎஸ் 710 (தண்ணி தாங்கற பிளைக்கான தர நம்பர்) போட்ட மரைன் பிளை வாங்கினேன், தண்ணியும் சூடும் மாறி மாறி படற எடம், சாதா பிளைன்னா கொஞ்ச நாள்ல பப்படம் மாதிரி உப்பிக்கும். வெல கூடத்தான், ஆனா கடைல வேற யாருக்கோ வெட்டுனதுல மிச்சம் கெடந்த துண்டுங்கறதால பேசி கொறச்சு வாங்கிட்டேன்.

உயரத்துக்குத்தான் ஆசாரி அண்ணாகூட ஒரு வாக்குவாதம். "டேபிள்னா 30 இன்ச்தானுங்க்கா, மெஷினும் 30 இன்ச்னு நீங்கதான சொன்னீங்க, அப்பறம் என்ன"ங்கறாரு. எனக்கு வேண்டியது பலகை 30 இன்ச் இல்ல, கம்பளி துணியெல்லாம் போட்டதுக்கு அப்பறம் மேல்மட்டம் 30 இன்ச். பிளை முக்கா இன்ச், மெத்தை அர இன்ச், ரெண்டையும் கழிச்சா கால் ஃபிரேம் 28 முக்கால்ல நிக்கணும். பேப்பர்ல படம் போட்டு காட்டுனதுக்கு அப்பறந்தான் ஒத்துக்கிட்டாரு. இந்த மட்டம் ஒண்ணா இருந்தா தச்ச துணிய தூக்கவே வேண்டாம், அப்படியே சறுக்கிட்டு பலகைக்கு போயிரும், பாவாடை மாதிரி பெரிய வேலைல அந்த அரும தெரியும்.

இன்னொண்ணு, ரெண்டு டேபிளும் ஒட்டி இருக்கக் கூடாது. கால் மெஷின் ஓடறப்ப அந்த அதிர்வுல ஸ்பிரே பாட்டில் மேல தானா நடக்கும், அயன் பாக்ஸ் நிமித்தி வச்சிருந்தா கவுந்தே போயிரும். அதனால நடுவுல ஒரு விரல் கேப் விட்டு, மேல விரிச்ச துணியையே ஒரு ஓரமா நீளமா விட்டு அந்த கேப்ப மூடியிருக்கு.

இப்ப மெயின் மேட்டர், மேல போடற மெத்தை. இதுல நான் மண்டைய ஒடச்சிக்கிட்ட அளவுக்கு எதுலயும் ஒடச்சிக்கல. ஆன்லைன்ல ரெடிமேடா வர்ற சில்வர் கவர், உள்ள ஸ்பாஞ்சு, பாக்க ஜம்முனு இருக்கும். அந்த சில்வர் சூட்ட திருப்பி அனுப்பும்னு பெருமையா போட்டுருப்பாங்க, உண்மதான், ஆனா ஆவியையும் சேத்து திருப்பி அனுப்பும். தண்ணி தெளிச்சு அழுத்துனா ஈரம் கீழ எறங்க வழியில்லாம துணியிலேயே நிக்கும், சொத சொதன்னு. ஈரத்தோட எடுத்தா போட்ட மடிப்பு ரெண்டு நிமிசத்துல கலஞ்சிரும். ஸ்பாஞ்சு அதுக்கு மேல, கன அயன் பாக்ஸ வச்சா உள்ள பள்ளமா போகும், ஜாயிண்ட்ட நல்லா சப்பையா அழுத்தணும்னா கீழ கெட்டியா இருந்தாத்தான் முடியும். பஞ்சு மாதிரி வர்ற பாலியஸ்டர் வாடிங்கும் வேலைக்காகாது, காட்டன் துணிக்கு வைக்கற சூட்டுக்கு இறுகி கட்டி கட்டியா ஆயிரும். யோகா மேட் போடலாம்னு ஒருத்தர் சொன்னாரு, அவர் அயன் பண்ணதே இல்லன்னு நெனைக்கறேன்.

கம்பளிதான் சரி. கம்பளி தன் எடைல கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு ஈரத்த இழுத்துக்கிட்டாலும் தொட்டா ஈரமா தெரியாது, அதுலயும் சுலபத்துல தீப்புடிக்காது. ஆனா இன்னைக்கு கடைல கம்பளின்னு கேட்டா பூப்போட்ட மொழுமொழு போர்வைய எடுத்துப் போடறாங்க, அது பூரா பாலியஸ்டர், இல்லன்னா அக்ரிலிக். ஓரத்துல ஒரு நூல உருவி தீக்குச்சில காட்டிப் பாருங்க. முடி பொசுங்கற நாத்தம் வந்து, சாம்பல் விரல்ல நசுங்குனா அது ரோமம். உருகி கெட்டியா கருப்பா மணி மாதிரி நின்னா சிந்தெடிக். கடைக்காரர் மொறைப்பாரு, பரவால்ல. எனக்கு கெடச்சது அத்தை பரண்ல இருந்து எடுத்துக் குடுத்த பழைய ஆட்டு ரோமக் கம்பளி, கருப்பு, முரட்டுத்தனமா சொரசொரன்னு. "ஏங்கண்ணு, மழைக்கு உங்க மாமா போத்திக்கிட்டு தோட்டத்துக்கு போனது, அத வெட்டப் போறியா"ன்னு ஒரு மாதிரி கேட்டாங்க. வெட்டல, மடிச்சுத்தான் போட்டுருக்கேன்னு சொல்லி சமாளிச்சாச்சு. மொத தடவ தண்ணி தெளிச்சு பாக்ஸ வச்சப்ப வீடே நனஞ்ச செம்மறி ஆட்டுப் பட்டி மாதிரி ஆயிருச்சு. மாடில நல்ல வெயில்ல போட்டு தட்டி எடுத்ததுக்கு அப்பறம் கொறஞ்சிருக்கு, மழ நாள்ல இன்னும் லேசா வரும்.

கம்பளிக்கு அடில பவானி ஜமுக்காளம் ஒண்ணு விரிச்சிருக்கேன், கனமா கெட்டியா இருக்கறதால பலகைக்கும் கம்பளிக்கும் நடுவுல நல்லா உக்காருது. ஜமுக்காளத்த மேல போடாதீங்க, அந்த செவப்பு பச்ச கோடெல்லாம் ஈரச் சூட்டுல சாயம் எறங்குனா வெள்ளத் துணி காலி. அடில இருந்தா கவலையில்ல.

மேல விரிக்கறதுக்கு காடா துணி (வெளுக்காத காட்டன்), ஈரோட்டு காடா, அகலப் பன்னாவா, அதாவது துணி அகலம் கூட இருக்கறதா பாத்து வாங்கணும், ஒட்டு இல்லாம வரும். வாங்குன ஒடனே விரிச்சீங்கன்னா அதுல இருக்கற கஞ்சி சூட்டுல பழுப்பா கருகி, அடுத்து வைக்கற துணில ஒட்டும். சுடுதண்ணில ஊறப்போட்டு ரெண்டு அலசு அலசி, கஞ்சியும் போகணும், சுருங்க வேண்டியதும் அப்பவே சுருங்கிரணும். அப்பறந்தான் அளவெடுத்து வெட்டறது.

இத ஸ்டேப்ளர் அடிச்சு ஒட்டிரலாம்னுதான் எல்லாரும் பண்றாங்க. எனக்கு அது புடிக்கல, கறை பட்டா கழட்டி தொவைக்க முடியாது. நான் பண்ணது பாவாடை நாடா முறை. காடாவ பலகைய விட சுத்திலயும் 5 இன்ச் கூட வெட்டி, நாலு மூலையையும் வளைவா உருட்டிட்டு, ஓரம் பூரா ஒரு இன்ச் மடிச்சு தச்சு, அதுல நாடா கோத்து, பலகைக்கு அடில இழுத்து முடிச்சு போட்டாச்சு. மூலைய வளைவா வெட்டறதுதான் முக்கியம், சதுரமா விட்டா அந்த எடத்துல துணி மொத்தையா நின்னு அடில இடிக்கும். இழுக்கறப்ப துணியோட நேர் இழை பலகை விளிம்புக்கு நேரா இருக்கான்னு பாத்துக்கணும், கோணலா இழுத்து கட்டுனா அதுக்கு மேல வைக்கற துணியையும் கண்ணு கோணலாத்தான் வைக்கும். நாடா காட்டன்ல எடுங்க, நைலான் நாடா வழுக்கி வழுக்கி முடிச்சு அவுந்துரும். நான் இத எழுதறப்ப கூட போய் ஒருக்கா இழுத்துக் கட்டிட்டு வந்தேன்.

முன் விளிம்புல 6 இன்ச் அகலத்துக்கு மட்டும் ஒரு இன்ச் இடைவெளில நீல காட்டன் நூல்ல கோடு தச்சிருக்கேன். கை ஓரம் மடிக்கறப்ப ஸ்கேல் தேட வேண்டாம், கோட்டுல வச்சு மடிச்சு அழுத்துனா போதும். பலகை பூரா தைக்கலாம்னு ஆச, ஆனா மெல்லிசு பட்டு, ஷிஃபான் வச்சு அழுத்துனா அந்த தையல் தடம் துணில பதிஞ்சிரும்.

கரண்ட் விஷயம். 230 வோல்ட்டுக்கு 1000 வாட் டிரை அயன் 4 ஆம்பியர் சொச்சம் இழுக்கும், சாதா 6 ஆம்பியர் பிளக் தாங்கும். 1600 வாட் ஸ்டீம் அயன்னா 7 ஆம்பியர் கிட்ட போகுது, அதுக்கு 16 ஆம்பியர் பாயிண்ட்டும் அதுக்கேத்த கனமான வயரும் வேணும். மெல்லிசு வயர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல அயன் பாக்ஸ சொருகிட்டு, கொஞ்ச நேரம் கழிச்சு பிளக்க தொட்டுப் பாத்தீங்கன்னா தெரியும் சங்கதி. எலக்ட்ரீசியன கூட்டி செவத்துலயே புது பாயிண்ட் எடுத்து, செவப்பு இண்டிகேட்டர் லைட்டோட சுவிட்ச் கண்ணு மட்டத்துல போட்டாச்சு. மெஷின்ல குனிஞ்சு மிதிச்சிட்டு இருக்கறப்ப பாக்ஸ் ஓடிட்டு இருக்கறதே மறந்து போகும், நிமுந்தா அந்த செவப்பு தெரியணும். ஸ்டீம் அயன் இருந்தும் நான் கனமான டிரை அயனும் ஸ்பிரே பாட்டிலுந்தான் பாவிக்கறேன். ஸ்பிரேக்கு சிறுவாணி தண்ணி மட்டும். போர் தண்ணி தெளிச்சா கருப்புத் துணில வெள்ள வெள்ளயா உப்பு பூக்குது.

வயர் எப்பவும் இடது பக்கத்துல இருந்து வலது கைக்கு குறுக்கால வந்து தச்ச துணிய இழுத்து கலைக்கும். திருப்பூர்ல கம்பெனிகள்ல பாத்தா ஸ்டீம் அயனோட டியூப் மேல கம்பில இருந்து தொங்கும், டேபிள்ல எதுவும் பொரளாது. அதே மாதிரி ஜன்னல் கர்ட்டன் ராடுல ஒரு எஸ் கொக்கி, அதுல பழைய கதவு ஸ்பிரிங், ஸ்பிரிங்ல வயர். பாக்ஸ நகத்தறப்ப கூட வரும், வச்சா மேல ஏறிக்கும். அயனுக்கு எடம் பலகையோட வலது மூலைல ஒரு மிச்ச டைல்ஸ் துண்டு.

சேர் பத்தி ஒண்ணு. திரும்பறதுக்கு வசதியா இருக்கும்னு வீல் வச்ச கம்ப்யூட்டர் சேர் போட்டீங்கன்னா, ஒவ்வொரு மிதிக்கும் நீங்க பின்னாடி போயிட்டே இருப்பீங்க. வீல கழட்டிட்டு புஷ் மாட்டிருங்க, சுத்தும் ஆனா ஓடாது.

இன்னும் முடியாதது பலகைய மடக்கறது. வாடக வீடு, ரூம் சின்னது, தைக்காத நாள்ல அது மடங்கி செவத்தோட நிக்கணும். பியானோ கீல் (விளிம்பு நீளத்துக்கு ஒரே பட்டையா வர்ற கீல்) வாங்கி வச்சாச்சு, கம்பளி கனத்துல மடங்கறப்ப விளிம்பு இடிக்குது, கீல எவ்ளோ வெளிய தள்ளி வைக்கணும்னு ஆசாரி அண்ணா வந்து பாக்கணும். முகூர்த்த மாசம், கல்யாண கட்டில் ஆர்டர்ல இருக்காரு, ஃபோன எடுக்கறதில்ல.

அதுக்குள்ள அடுத்த வேல ஆரம்பிச்சாச்சு. மார்பு வளைவு, கை குழி இதெல்லாம் தட்டைப் பலகைல அழுத்துனா வளைவு செத்துரும், அதுக்கு மரத்தூள் அடச்ச உருண்ட தலாணி ஒண்ணு தைக்கணும். மரக்கடைல ஒரு சாக்கு தூள் சும்மாவே குடுத்தாங்க, சலிச்சு காய வச்சிருக்கேன். நெனச்சத விட ரொம்ப தூள் உள்ள போகும், குத்திக் குத்தி கல்லு மாதிரி அடைக்கணும். ஜாயிண்ட் சூடா இருக்கறப்பவே மேல வச்சு அழுத்தறதுக்கு வார்னிஷ் அடிக்காத மரக் கட்டை ஒண்ணும் வேணும், அது ஆவிய இழுத்துக்கிட்டு மடிப்ப அப்படியே ஆற வைக்கும். அதுக்கு வேங்கை மட்டும் எடுக்காதீங்க, ஈரம் பட்டா பழுப்பா சாயம் விடற மரம், வேங்கை மர டம்ளர்ல தண்ணி ஊத்தி வச்சா எப்படி நெறம் மாறுதுன்னு பாத்திருப்பீங்க. கருவேலத்துல ஒரு துண்டு பாத்து வச்சிருக்கேன், நாலு பக்கமும் உப்புத்தாள் போட்டு முனைய உருட்டணும். கம்பெனில இருக்கற, கால்ல மிதிச்சா அடியில ஆவிய உறிஞ்சற வேக்கம் டேபிள் மேல ஒரு கண்ணு இருக்கு, ஆனா அந்த மோட்டார் சத்தத்துக்கு மேல் வீட்டுக்காரங்க என்ன சொல்வாங்கன்னு யோசனை.

புடவைய மட்டும் இந்த டேபிள்ல போட்டுறாதீங்க. 30 இன்ச் உயரம் உக்காந்து ஜாயிண்ட் அழுத்தறதுக்குத்தான், நின்னு ஆறு கெஜம் தேய்ச்சா இடுப்பு போயிரும். அது எப்பவும் போல தெருமுக்கு இஸ்திரி வண்டிக்கே போகுது. அவங்களும் கரிய விட்டுட்டு கேஸ் பாக்ஸுக்கு மாறிட்டாங்க.