எரடோஸ்தனிஸ் கதையில நிழலை அளந்ததுதான் சுலபமான வேலை

பூமியோட சுற்றளவை கணக்கு போட்ட கிரேக்கர் கதையை கேக்காதவங்க கம்மி. ஒரு கிணறு, ஒரு குச்சி, ஒரு நிழல், அவ்ளோதான் உலகத்தையே அளந்துட்டார்னு சொல்லி முடிச்சிடுவாங்க. எனக்கும் அந்த கதை ரொம்ப பிடிக்கும், ஆனா அப்படி சொல்லும்போது அந்த மனுஷன் யோசிச்சதுல பாதிக்கு மேல காணாம போயிடுது, அதை எழுதணும்னு ரொம்ப நாளா ஆசை.

தெரியாதவங்களுக்காக சுருக்கமா சொல்லிடறேன். எரடோஸ்தனிஸ் கிமு 3ஆம் நூற்றாண்டு ஆளு, சைரீன்ல பொறந்தவர், அது இன்னிக்கு லிபியா. அலெக்சாந்திரியா நூலகத்துக்கு தலைவரா இருந்தார், ஆர்க்கிமிடீஸே தன்னோட ஒரு நூலை இவருக்கு கடிதமா எழுதி அனுப்பியிருக்கார், அந்த லெவல் ஆளு. எகிப்தோட தெற்கு எல்லையில சயீன்னு ஒரு ஊர், இப்போ அஸ்வான். சூரியன் வடக்கே உச்சத்துக்கு போற அந்த ஜூன் மாச நாள்ல மத்தியானம் அங்க நிழலே விழாது. அதே நேரம் வடக்க அலெக்சாந்திரியாவுல நிழல் விழும், அதோட கோணம் முழு வட்டத்துல 50ல ஒரு பங்கு, அதாவது 7.2 டிகிரி. ரெண்டு ஊருக்கும் நடுவுல 5,000 ஸ்டேடியா (கிரேக்கர்களோட தூர அளவு) தூரம், அதாவது பூமியோட முழு சுத்துல 50ல ஒரு பங்கு. 50 தடவ 5,000, மொத்தம் 2,50,000 ஸ்டேடியா. முடிஞ்சுது கணக்கு.

அவர் இதைப் பத்தி எழுதின நூல் நமக்கு கிடைக்கல, பின்னாடி காலத்துல கிளியோமிடீஸ்னு ஒருத்தர் வானியல் பாடம் எழுதும்போது சுருக்கி சொன்னதை வச்சுதான் நமக்கு இவ்ளோ தெரியுது. கதையில வர்ற அந்த சயீன் கிணறு ஸ்ட்ராபோ, பிளினிங்கிற பழைய எழுத்தாளர்களோட எழுத்துலதான் வருது, கிளியோமிடீஸ் பேசறது சூரிய கடிகாரத்தைப் பத்தி. அந்த கருவி எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம். அரைக்கோளமா குழிஞ்ச ஒரு கல் கிண்ணம், நடுவுல செங்குத்தா ஒரு குச்சி. குச்சியோட நிழல் கிண்ணத்தோட உள் வளைவு மேலயே விழும், அதனால அடியிலேர்ந்து நிழலோட நுனி வரைக்கும் இருக்கற வளைவை அப்படியே அளந்து முழு வட்டத்துல அது எத்தனைல ஒரு பங்குன்னு சொல்லிடலாம். சைன், டேன் எதுவும் வேண்டாம், அந்த காலத்துல அந்த அட்டவணையெல்லாம் கிடையவும் கிடையாது. வெயில் இருந்தா போதும், சொல்லிக் கொடுத்தா யார் வேணா அளந்துடலாம்.

இப்போ விஷயத்துக்கு வரேன். ரெண்டு ஊர்ல ரெண்டு நிழல் வேற வேறயா இருக்குன்னா பூமி உருண்டைன்னு நிரூபணம் ஆயிடுச்சுன்னு நிறைய பேர் சொல்றாங்க, அது சரியில்ல. பூமி தட்டையா இருந்து சூரியன் கிட்டக்க இருந்தாலும் இதே 7.2 டிகிரி வரும்! சூரியன் சயீனுக்கு நேர் மேல நின்னா தள்ளி இருக்கற அலெக்சாந்திரியாவுல நிழல் சாயத்தானே செய்யும்? அப்படி வச்சு கணக்கு போட்டா சூரியன் சுமார் 39,600 ஸ்டேடியா உயரத்துல இருக்குன்னு விடை வரும். எரடோஸ்தனிஸ் வழியில போய் பூமியோட ஆரத்தை எடுத்தா சுமார் 39,800 வரும். ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே எண், சின்ன கோணத்துக்கு அப்படித்தான் வரும், ஆனா ஒண்ணு பூமியோட ஆரம், இன்னொண்ணு சூரியனோட உயரம். இது வெறும் கற்பனையும் கிடையாது, பழைய சீனாவுல சோபி சுவான்ஜிங்னு ஒரு கணித நூல் இருக்கு, அதுல 8 சீ (சீ, லீ ரெண்டும் சீன நீள அளவு) உயர கம்போட நிழலை வச்சு, பூமி தட்டைன்னு எடுத்துக்கிட்டு, சூரியன் 80,000 லீ உயரத்துல இருக்குன்னு கணக்கு போட்டிருக்காங்க. கணக்குல தப்பே இல்ல, ஆரம்பத்துல எடுத்துக்கிட்டதுதான் வேற.

அப்போ எரடோஸ்தனிஸுக்கு எந்த பக்கம் போகணும்னு எப்படி தெரிஞ்சுது? அங்கதான் அவருக்கு முன்னாடி 100 வருஷத்துக்கும் மேல நடந்த வேலை வருது. சந்திர கிரகணத்துல நிலா மேல விழற பூமியோட நிழல் ஓரம் எப்பவுமே வளைஞ்சுதான் இருக்கு, எகிப்துலயும் சைப்ரஸ்லயும் தெரியற சில நட்சத்திரங்கள் வடக்க போனா தெரியறதில்ல, இதையெல்லாம் அரிஸ்டாட்டில் எழுதி வச்சிட்டு போயிட்டார். கணித ஆளுங்க பூமி 4,00,000 ஸ்டேடியா சுத்துன்னு சொல்றாங்கன்னும் அவரே சொல்றார், எப்படி அளந்தாங்கன்னு மட்டும் சொல்லல. ஆக பூமி உருண்டை, சூரியன் ரொம்ப ரொம்ப தூரம், அதனால கதிர்கள் இணையா வருது, இந்த ரெண்டும் கைல இருந்ததாலதான் அந்த கிண்ணத்து நிழல் பூமியோட சைஸா மாறிச்சு. மூணாவதா ஒரு ஊர் இருந்தா நிழலே சண்டையை தீர்த்து வச்சிருக்கும், சயீன்லேர்ந்து வடக்க 30,000 ஸ்டேடியா போனா உருண்டைக்கு 43 டிகிரி, தட்டைக்கு 37 டிகிரி, ஆனா அவ்ளோ தூரம் போய் யாரு அளக்கறது.

இன்னொரு கஷ்டம் அந்த 5,000. ஒட்டகம் நடந்த நாளை எண்ணினாங்கன்னு ஒரு கதை சுத்துது, அது கிளியோமிடீஸ்ல இல்ல. எகிப்துல நைல் வெள்ளம் வருஷா வருஷம் வயல் எல்லையை அழிச்சிட்டு போகும், திரும்ப அளந்து வரி போடணும், அதுக்குன்னே அரசாங்க நில அளவைக்காரங்க தலைமுறை தலைமுறையா இருந்தாங்க. மார்ட்டியானஸ் கபெல்லாங்கிற ரோமானிய எழுத்தாளர் எகிப்தை ஆண்ட தாலமி மன்னரோட அளவைக்காரங்ககிட்டேர்ந்து தூரத்தை வாங்கினார்னே எழுதியிருக்கார், எனக்கு அதுதான் நம்பற மாதிரி இருக்கு. அந்த அளவைக்காரங்க ஒருத்தர் பேரும் நமக்கு தெரியாது, விடையில பாதி அவங்களோடது.

சரி, எவ்ளோ துல்லியம்? இதுல தயவுசெஞ்சு 1 சதவீதம், 2 சதவீதம்னு அடிச்சு விடாதீங்க. ஒரு ஸ்டேடியன் (ஸ்டேடியாவோட ஒருமை) எவ்ளோ மீட்டர்னு ஆராய்ச்சியாளர்கள் இன்னும் ஒத்துக்கல. 2,50,000க்கு பதிலா பின்னாடி வந்தவங்க அவர் பேர்ல சொல்ற 2,52,000ஐ எடுத்துக்கிட்டா, 157.5 மீட்டர்னா 39,690 கிலோமீட்டர், 185 மீட்டர்னா 46,620. துருவம் வழியா உண்மை சுற்றளவு சுமார் 40,008. அஸ்வான் கடக ரேகை மேல கரெக்டா இல்ல, அலெக்சாந்திரியாவுக்கு நேர் தெற்கயும் இல்ல, 3 டிகிரி கிழக்க தள்ளி இருக்கு. நிழல் இல்லாத இடம் 300 ஸ்டேடியா அகலம்னு கிளியோமிடீஸே சொல்றார், அப்புறம் எங்க துல்லியம்? 40,000த்துக்கு பக்கத்துல வந்ததே எனக்கு போதும், முறை சரி, அதுதான் பெருசு.

பின்னாடி வந்த பொசிடோனியஸ்ங்கிற கிரேக்க அறிஞர் சூரியனை விட்டுட்டு அகத்திய நட்சத்திரத்தை பிடிச்சார். ரோட்ஸ் தீவுல அது அடிவானத்தை தொட்டுட்டு போயிடும், அலெக்சாந்திரியாவுல வட்டத்துல 48ல ஒரு பங்கு மேல ஏறும்னு சொல்லி, 5,000 ஸ்டேடியா தூரத்தை வச்சு 2,40,000 சொன்னார். உண்மையில ரெண்டு இடத்துக்கும் அட்சரேகை வித்தியாசம் 7.5 டிகிரி இல்ல, 5 டிகிரி சொச்சம்தான், ஆனா கடல் தூரமும் அதிகமா சொல்லப்பட்டதால விடை தப்பிச்சுது. அப்புறம் ஸ்ட்ராபோ இவர் பேர்ல 1,80,000னு ஒரு எண்ணை சொல்றார், டாலமிங்கிற வானியல் அறிஞர் (மேல சொன்ன மன்னர் இல்ல, இவர் வேற) தன்னோட புவியியல் நூல்ல அந்த சின்ன பூமியைத்தான் எடுத்துக்கிட்டார், ஐரோப்பாவுல 15ஆம் நூற்றாண்டுல எல்லாரும் படிச்சது டாலமியை. கொலம்பஸ் இன்னும் சின்னதா கணக்கு போட்டு, மேற்க போனா ஜப்பான் சுமார் 4,500 கிலோமீட்டர்னு நம்பி கிளம்பினார், உண்மை தூரம் அதைப்போல 4 மடங்குக்கு மேல. நடுவுல அமெரிக்கா இல்லாம இருந்திருந்தா கப்பல்ல இருந்த சாப்பாடும் தண்ணியும் பாதி வழி கூட வந்திருக்காது.